சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று

அல்போன்ஸ் பாதர் தீர்த்தத்தைக் கொஞ்சம் தாராளமாகவே தெளித்துவிட்டார்.

புதிதாகக் கட்டிய அறையின் சுவருக்கும் கதவுக்கும் ஜன்னலுக்கும் தெளித்ததில் மத்தியாஸுக்கு ஒரு வருத்தமும் இல்லை. டிவி அலமாரியில் இருந்த கறுப்புப் பெட்டியின் தலையில் அது விழுந்து, பின்பக்கமாக வழிந்து இறங்கியபோதுதான் பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தான்.

டிவியில் ஓடிக்கொண்டிருந்த ஞானஸ்நான வீடியோ, குழந்தை வாயைத் திறக்கும்போதே நின்றுபோனது.

வீடு அர்ச்சிப்புக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மனைவி இசபெல்லும் பார்த்தாள். மற்றவர்கள் பார்த்தது பரவாயில்லை.

மகள் ரெஜிஷாவின் ஞானஸ்நான வீடியோவை ஒருமுறை ஹார்டு டிஸ்கோடு தொலைத்தவன் அவன். பதினோரு நாள் இசபெல் முகம் கொடுத்துப் பேசவில்லை. குவைத்தில் ஒருவன், துபாயில் ஒருவன் என்று மைத்துனன்மார் ஒவ்வொருவரிடமும் கெஞ்சி, துண்டு துண்டாகத் திரும்ப வாங்கினான். மஸ்கட் வேலையை விட்டு ஊருக்கு வந்ததும் செய்த முதல் காரியம் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டியதுதான். வீட்டின் படம், பாட்டு, வீடியோ எல்லாம் இதற்குள் இருக்கிறது. இன்னொரு தடவை தொலைத்தால் மஸ்கட்டுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று இசபெல் சொல்லியிருந்தாள்.

பெட்டியை எழுப்புவது அதன் முதுகில் குத்தியிருக்கும் பென்டிரைவ். அது படுத்தால் பெட்டி கண்ணைத் திறக்காது. அதனால் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டான். ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும். ஒரே கடையில் ஒரே கம்பெனிப் பொருளாக வாங்கினால் இரண்டும் ஒரே நாளில் மண்டையைப் போடலாம் என்று, சிவப்பை நாகர்கோவிலிலும் நீலத்தைக் களியக்காவிளையிலும் வாங்கினான். ஒரு பென்டிரைவுக்காகப் பகல் முழுக்க பைக்கில் அலைந்தவனை ஊரில் ஒருத்தரும் மதிக்கவில்லை.

"ஒண்ணு போனாலும் மத்தது போதும், கேட்டியா ஏட்டி," என்று அன்றைக்கு இசபெல்லுக்குப் பாடமே எடுத்தான்.

இப்போது சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றான். போடத் தைரியம் வரவில்லை.

"தீர்த்தம் பட்டு எதாவது கெடுமா? சும்மா போடுங்க," என்றாள் இசபெல்.

போட்டான். பெட்டி உறுமியது. ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம். பாதர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மூன்றாவது நிமிஷத்தில் டிவியில் ரெஜிஷா வீரிட்டு அழுதாள். சோபாவில் இருந்த ஆறு வயது ரெஜிஷா வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

மத்தியாஸுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியளா! ஒண்ணு நனைஞ்சா மத்தது ஓட்டும்லா!"

அப்பமும் கறியும் பரிமாறி முடிக்கும்வரை அவன் நிறுத்தவில்லை. பாதர் கை கழுவப் போனபோதும் பின்னாலேயே போய் விளக்கினான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை என்றாலும் எல்லோரும் தலையாட்டினார்கள். இசபெல்கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவன் இன்னும் நாலு பென்டிரைவ் வாங்கியிருப்பான்.

பாதர் வண்டியில் ஏறும்போது இசபெல்லைப் பார்த்துச் சொன்னார்: "பாட்டுக் கொயருக்கு நீ ஏத்தித் தந்த பென்டிரைவுல பாட்டெல்லாம் நல்லா கேக்குது மக்கா. அந்த நீலம் திருவிழா முடியுற வரைக்கும் கோயில் மைக்செட்டுலேயே கெடக்கட்டும்."

மத்தியாஸின் சிரிப்பு பாதியில் நின்றது.

உள்ளே ஓடிப்போய் பெட்டியை இழுத்துத் திருப்பினான். சிவப்பு மட்டும்தான் இருந்தது, ஈரம் காயாமல், விளக்கை மினுக்கிக்கொண்டு. பக்கத்துத் துளை காலி. ஒன்று போனால் பெட்டியே மெயில் அனுப்பும்படிதான் வைத்திருந்தான். ஆனால் பழக்கத்தில் அவன் கொடுத்திருந்தது பழைய மஸ்கட் ஆபீஸ் மெயில் முகவரி.

"நீங்கதானே சொன்னிய, ஒண்ணு போதும்னு," என்றாள் பின்னால் வந்த இசபெல்.

மத்தியாஸ் அடுக்களையிலிருந்து ஒரு காலிக் குப்பியை எடுத்துக்கொண்டு, பாதரின் வண்டி முக்கு திரும்புவதற்குள் தெருவில் இறங்கி ஓடினான்.

தீர்த்தம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்.