பூனைக்கு ஒரு வால்துண்டு

வெள்ளம் சூழ்ந்த மேட்டில் நரியும் பூனையும் பட்டினியால் சுருண்டு கிடந்தன. வெள்ளம் கொண்டுவந்த கருவாட்டு டப்பா ஒன்று கரையோர மரக்கவட்டில் சிக்கியிருந்தது. மரமேறப் பூனைக்குத் தெரியும். மூடியைக் கடித்துப் பெயர்க்க நரியால்தான் முடியும்.

“கீழே தள்ளிவிடு. உனக்கு ஒரு வால்துண்டு, மிச்சம் எனக்கு” என்றது நரி.

“பாதியாவது தாண்ணே.”

“வெறும் வயித்துக்கு வாலே பெரிசுடா. வேண்டாம்னு சொல்லமாட்டே, கணக்குப் போட்டுட்டேன்” என்று நரி சிரித்தது.

பூனை மரத்தில் ஏறியது. டப்பா அசைந்தது. நரி மரத்தடியில் வந்து நின்றது. பூனை டப்பாவை வெள்ளத்துப் பக்கம் தள்ளிவிட்டது; வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது.

“பைத்தியமே, நீயும்தானே சாவே!” என்று அலறியது நரி.

“ஆமாண்ணே, பசி உயிர் போகுது. ஆனா நீ சிரிச்ச பிறகு அந்த வால் தொண்டையில இறங்காது.”