இரட்டை வெட்டு

காட்டுக்குள் போகும்போதெல்லாம் அமோஸ் வழியிலுள்ள மரங்களில் கோடரியால் இரண்டு வெட்டுப் போட்டுக்கொண்டே போவான். திரும்பி வர அதுதான் அவனுக்கு வழி. அவன் ஒஹையோ ஆற்றைத் தாண்டி மேற்கே போய்ப் பதினோரு வருடம் ஆயிற்று; இன்னும் திரும்பவில்லை. அதற்குள் ஊரில் அவனைப் பற்றிய கதைகள் வளர்ந்துவிட்டன. கரடியோடு கட்டிப் புரண்டவன், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாலும் வீடு வந்து சேர்பவன். புதிய தேவாலயத்தின் முதல் ஆராதனையில் பாதிரியாரும் அதையே சொன்னார். அவன் மனைவி மெர்சி, முழு மரங்களை அடுக்கிக் கட்டிய சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சுவர் மரத்தில் அவள் கை பட்ட இடத்தில் இரண்டு வெட்டு இருந்தது. அதற்கு மேலிருந்த மரத்திலும் இரண்டு.

வெளியே வந்ததும் தச்சர் கேலப்பிடம் கேட்டாள்.

"இந்த மரமெல்லாம் எங்க வெட்டினீங்க?"

"மேற்கு மேட்டுலம்மா. எதை வெட்டணும்னு யாரோ முன்னமே அடையாளம் போட்டு வெச்சிருந்தாங்க. எங்களுக்குத் தேடுற வேலையே இல்ல."

"எவ்வளவு தூரம் போனீங்க?"

"அடையாளம் இருந்த வரைக்கும்."

மறுநாள் காலை மெர்சி மேட்டுக்குப் போனாள். வெட்டிய முதல் மரத்தின் அடிக்கட்டைமேல் ஏறி, மேற்கே பார்த்து நின்றாள். வருகிறவனுக்கு வழி காட்டுவதுபோல் ஒரு கையை மட்டும் வீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டாள்.