நாத்தனார் அடித்த மனு

"வக்கீல்கிட்ட குடுக்குற காயிதம் வெளிய போகுமா சார்?"

ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்த பரிபூரணம், உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள். கூட வந்த தங்கை வெள்ளத்தாய், முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி ஓரமாக உட்கார்ந்தாள். அவள் வாக்கப்பட்டது இதே ஸ்ரீவில்லிபுத்தூர்தான்.

வக்கீல் சக்ரபாணிக்குக் காலையிலிருந்து ஒரு கட்சிக்காரர்கூட வரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போகவே கூடாதும்மா! எங்கே போச்சு?"

"எங்க வீட்டுக்காரவிய வேண்டாம்னு விவாகரத்து மனு எழுத எங்க ஊரு வக்கீல்கிட்ட போனேன். அவிய சீட்டாட்டம், என்கிட்ட முகங்குடுத்துப் பேசாதது, எல்லாத்தையும் அழுதுக்கிட்டே சொன்னேன். அதை டைப் அடிக்க இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பியிருக்காரு. அங்க மாஸ்டர், டைப் படிக்கிற பிள்ளைக ஸ்பீடு பழகட்டும்னு அதையே பாடமாக் குடுத்துட்டாரு."

"அடக் கடவுளே!"

"அதுல ஒருத்தி என் நாத்தனா. தப்பே இல்லாம அடிச்சு, ஒரு காப்பியை அவ அண்ணன் கையிலயே குடுத்துட்டா. அவிய அதைப் படிச்சிட்டு..."

"போதும்மா, சொல்லாதீங்க!"

சக்ரபாணிக்கு ரத்தம் கொதித்தது. உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமும்தான். அந்த ராஜபாளையத்து வக்கீலைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"கட்சிக்காரர் ரகசியத்தைக் காப்பாத்தணும்னு சட்டமே இருக்கு. வக்கீலுக்கு மட்டுமில்ல, குமாஸ்தாவுக்கும் சேர்த்துத்தான். பார் கவுன்சில்ல புகார் குடுக்கலாம். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். முதல்ல ஒரு நோட்டீஸ் விடுவோம்!"

"இல்ல சார், நான் கேக்க வந்தது..."

"புரியுதும்மா. இங்கே அந்தப் பயமே வேண்டாம். டைப் மிஷின் இதோ என் மேஜையிலேயே இருக்கு. நானே அடிப்பேன். கார்பன் பேப்பரைக்கூட நானே எரிச்சிடுவேன். இந்த ரூமை விட்டு ஒரு எழுத்து வெளியே போகாது!"

பரிபூரணத்தின் முகம் வாடிவிட்டது.

"நெசமாவா சார்?"

"சத்தியமா! சரி, இதனால உங்களுக்கு என்ன நஷ்டம்? அதைச் சொல்லுங்க."

"நஷ்டமா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே வெட்கமும். "அதைப் படிச்சிட்டு, 'இம்புட்டையும் மனசுல வச்சிருந்தியா'ன்னு குலுங்கிக் குலுங்கி அழுதாவ சார். சீட்டுக்கட்டைத் தூக்கி அடுப்புல போட்டாவ. இப்ப மில்லு விட்டா நேரா வீடுதான். 'செத்த நேரம் பேசாம இருங்க'ன்னு நாந்தான் கெஞ்ச வேண்டியிருக்கு!"

"அப்போ... நோட்டீஸ்?"

பரிபூரணம் எழுந்து தங்கையின் கையைப் பிடித்தாள்.

"எந்திரி ஏட்டி. இவருகிட்ட மனு எழுதுனா அது உன் வீட்டுக்காரரு காதுக்கு எப்படிப் போவும்? வா, எங்க ஊரு வக்கீல்கிட்டயே போவோம்."