இரண்டு பிள்ளைக்காரர்

உயிரணு பிளப்பதுபோல் மனிதர்களும் நட்டநடுவே பிளந்து இருவராகிக்கொண்டிருந்த காலம் அது. ஏகாம்பரத்தின் ஒரே மகன் நம்பிராஜனும் அதற்குக் கிளம்பிவிட்டான்.

"ஏன்டா, கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெத்துக்கக் கூடாதா?" என்றார் அவர்.

"பிள்ளை வளர்ந்து ஆளாக இருபது வருஷம் ஆகும்ப்பா. இது ரெண்டே நாள். ஒருத்தன் ஆபீஸ் போவான், இன்னொருத்தன் உங்களை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போவான்."

ஏகாம்பரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நம்பிராஜன்கள் வீடு திரும்பிய அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தார். அதே முகம், அதே மூளை, வலது காதோரம் அதே மச்சம்.

செவ்வாய்க்கிழமை பத்து மணியாகியும் அவரைக் கூட்டிப்போக எவனும் வரவில்லை. தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டு ஒருவனைப் போனில் கூப்பிட்டார்.

"வேலையா இருக்கேன்ப்பா. ஏன், அவன் வரலையா?"

மற்றவனைக் கூப்பிட்டார். எழுத்துப் பிசகாமல் அதே பதில் வந்தது.

ஊசி குத்த வந்த நர்ஸ், "துணைக்கு யாரும் இல்லையாய்யா? உங்களுக்குப் பசங்க எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"இப்ப ரெண்டு பேரும்மா," என்றார் ஏகாம்பரம். "ஒருத்தனா இருந்தப்ப தவறாம வருவான்."