கீறல் போகும் பக்கம்

“புள்ள, எவன் பிரதேச சபைக்குப் போன் கோல் எடுத்திருப்பான்?”

கலீலுர் றஹ்மான் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். அவர் கையில் ஒரு சாண் நீள யுத்த தாங்கி இருந்தது. அதன் மூக்கில் மண் தள்ளும் டோசர் தகடு. தோஹாவிலிருந்து மகன் அனுப்பிய பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்தது. ஒட்டி முடித்துக் கனகாலமாகிவிட்டது; இப்போது அதைப் பழசாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

ஸல்ஹா தேத்தண்ணியை மேசையோரம் வைத்தாள். “எனக்கென்ன தெரியும்? ஒழுங்கைக்குள்ள மூணடி நீட்டி இந்தக் கொட்டிலைக் கட்டினது நீங்க. சபைக்காரன் வந்தான், அளந்தான். நாளைக்கு உடைப்பான்.”

“வந்து அளக்கச் சொன்னவன் எவன் எண்டுதான் கேக்கிறன். இவ்வளவு காலமும் தெரியாத கொட்டில் இப்ப மட்டும் எப்பிடிக் கண்ணுக்குத் தெரிஞ்சது? எதிர்வீட்டு அபூதாஹிர்தான். ஓட்டோ திருப்ப ஏலாம இரிக்கி எண்டு நோன்புக்கு முந்தியே முணுமுணுத்தவன்.”

“ஆதாரமில்லாம ஒரு மனுசன்ட பேரைச் சொல்லாதீங்க. புறம் பேசின பாவம் உங்களுக்குத்தான்.”

“நீ எப்பவும் அடுத்தவன் பக்கம்தானே.”

துறைமுகத்தில் கிரேன் பட்டறையில் கிடந்த மனுசன், பென்சன் எடுத்தபிறகு வீட்டோடு இருப்பார் என்று ஸல்ஹா நினைத்திருந்தாள். பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போன வீட்டில் இரண்டு பேரும் ஆறுதலாக இருந்து கதைக்கலாம் என்று முன்ஹோலில் இரண்டு கதிரைகளைக்கூட எதிரெதிரே போட்டு வைத்தாள். அவர் வீட்டோடுதான் இருந்தார், வீட்டுக்குள் அல்ல. பெயின்ட் மணம் கூடாது என்று அவள் ஒருநாள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, விறகு கிடந்த கொட்டிலுக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவரைப் பிடித்து வைத்திருப்பது இன்னொரு பெண் என்றால் ஏசலாம், அழலாம், ஊரைக் கூட்டலாம். ஒரு சாண் தாங்கியோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

“கொட்டில் போனா என்ன செய்வீங்க?” மெல்லக் கேட்டாள்.

“என்ன செய்ற? எல்லாத்தையும் பெட்டியில போட்டுக் கட்டவேண்டியதுதான்.”

ஸல்ஹா முன்ஹோல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

“அதுக்குள்ள இந்தத் தகட்டை முடிச்சிட்டாப் போதும். சரிவருகுதில்ல புள்ள. கீறல் எல்லாம் கையால கீறினது மாதிரியே இரிக்கி.”

பாத்திரம் கழுவும் அவளுடைய ஸ்பொஞ்சு சாம்பல் நிறப் பெயின்டில் கிடந்தது. துருவுக்குத் தேயிலைச் சக்கை. அதற்குப் பக்கத்தில்...

“என்ட கண்ணுக்குப் போடுற சுர்மாக் குச்சி இஞ்சயா கிடக்கு? வீடெல்லாம் தேடினனான்!”

“நட்டுகளுக்கு நிழல் போட எடுத்தனான்.”

“என்ட கண்ணைக் கடைசியா எப்ப பாத்தீங்க?”

“கண்ணாடி மாத்தோணும். கிட்டக் கிடக்கிறது மட்டும்தான் தெரியுது,” என்றார் அவர், தகட்டை மூக்கருகே பிடித்தபடி.

மறுநாள் காலையில், களப்புக் கரைப் பக்கம் வீதி அகலிக்க வந்திருந்த மஞ்சள் டோசர் ஒழுங்கைக்குள் உறுமிக்கொண்டு நுழைந்தது. அபூதாஹிர் ஓடி வந்து மேசையையும் பெயின்ட் டப்பாக்களையும் வெளியே தூக்கி வைத்தான். கலீலுர் றஹ்மான் தாங்கியைப் பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

ஸல்ஹா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்ல வேண்டிய வார்த்தைகளை இரவே யோசித்து வைத்திருந்தாள். கதிரைகளைத் துடைத்தும் வைத்திருந்தாள்.

டோசர் இடித்தது. ஒரு பக்கச் சுவர் சரிந்தது.

“நிப்பாட்டு! தம்பி, நிப்பாட்டு!”

அலறிக்கொண்டு ஓடினார் மனுசன். அழப்போகிறார் என்று ஸல்ஹா கண்ணை மூடிக்கொண்டாள்.

“புள்ள, இஞ்ச வா! கெதியா வா! கீறல் குறுக்கால போகல்ல, மேல்பாட்டில போகுது! மண்ணு உருண்டு மேலதானே ஏறுது! கீழ் விளிம்பைப் பாரு, வெள்ளி மாதிரி!”

கண்ணைத் திறந்தாள். டோசரின் தகட்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. தன் போனை அபூதாஹிரின் கையில் திணித்தார். “நீ வீடியோ எடு. தம்பி, இன்னொருக்கா இடி. இந்தமுறை மெதுவா.”

டோசர்காரன் சபை உத்தியோகத்தரைப் பார்த்தான்.

“எத்தனை மதில் உடைச்சிரிப்பம்,” என்றார் உத்தியோகத்தர். “ஒருத்தரும் இன்னொருக்கா இடி எண்டு கேட்டதில்ல.”

அஸர் தொழுகைக்குள் மேசை முன்ஹோலுக்கு வந்துவிட்டது. வேறு இடமில்லை. இரண்டு கதிரைகளில் ஒன்று சுவரோரம் போனது. மற்றதில் அவர் இருந்தார். வீடு முழுக்கப் பெயின்ட் மணம்.

“அடுத்ததுக்கும் டோசர் தகடு உள்ளதாப் பாத்து அனுப்பச் சொல்லி மகனுக்குச் சொல்லிட்டன்,” என்றார், தாங்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அபூதாஹிர்ல பிழையில்ல புள்ள. கேட்டன், சத்தியம் பண்ணிட்டான். எவனா இருந்தாலும் நல்லா இருக்கோணும். கோல் எடுத்த ஆளைத் தேடிப் பிடிச்சாவது ஒரு வட்டிலாப்பம் செஞ்சு குடு.”

ஸல்ஹா குசினிக்குப் போனாள். முட்டை அடித்து, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கலந்து அவிய வைத்தாள். ஆறியதும் பெரிய துண்டாக ஒன்று வெட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டு, அன்றொருநாள் அவள் சபைக்குக் கோல் எடுத்த அதே முக்காலியில் இருந்துகொண்டு, அதைத் தானே தின்று முடித்தாள்.