நாலாவது இன்ஜெக்டர்

"ஆஃப் பண்ணுங்க சார், ஆஃப் பண்ணுங்க! என்னமோ ஏதோன்னு தெருவே எட்டிப் பார்க்குது!"

இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கத்தினான் மெக்கானிக். ஆடிட்டர் சாவியைத் திருப்பினார். அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், கடைசியாக ஒரு 'டமார்' போட்டுவிட்டு அடங்கியது.

கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தவர், வைத்த வேகத்தில் உள்ளே இழுத்துக்கொண்டார். மூலையில் அடுக்கியிருந்த டயர்களுக்கு நடுவிலிருந்து தவிட்டு நிறத்தில் ஒரு நாய் எழுந்து வந்து வாலாட்டியது.

"முதல்ல அதைக் கட்டுய்யா!"

"ஒண்ணும் பண்ணாது சார்."

"எந்த நாய்க்காரன்தான் கடிக்கும்னு சொல்லியிருக்கான்? கட்டு!"

பக்கத்து சீட்டில் இருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒர்க்‌ஷாப் இருக்கும் திசையிலேயே தலைவைத்துப் படுக்காதவள், இன்று ஏனோ 'நானும் வரேன்' என்று தொற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

நாயைக் கட்டிய பிறகுதான் ஆடிட்டர் இறங்கினார்.

"ஞாயிற்றுக்கிழமை பழைய கார் ரேலி. போன வருஷம் நடுவர்களுக்கு முன்னாடி போய் இருமி இருமி நின்னே போச்சு. என்கூடப் போட்டி போட்ட அந்தப் பல் டாக்டர் என்ன சொன்னான் தெரியுமா? 'தள்ளுவண்டிப் போட்டி அடுத்த வாரம் சார்'னு! இந்தத் தடவையும் நின்னுச்சு, காரையே வித்துடுவேன். சொல்லு, என்ன கோளாறு?"

"இன்ஜெக்டர்தான் சார். அது என்ஜினுக்குள்ள பெட்ரோலைப் பனி மாதிரி தூவணும். மூணு நல்லாத் தூவுது. நாலாவதுக்கு மூக்கு ஒழுகுது. கழட்டி சுத்தம் பண்ணிட்டா..."

"இதையே எத்தனை தடவைய்யா சொல்வே? நீ சுத்தம் பண்ணுவே, மறுநாளே படபடங்கும். பேசாம நாலையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா மாத்திடு."

"வேணாம்!"

மெக்கானிக்கும் மனைவியும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

"பழசுன்னா உடனே தூக்கிப் போட்டுடறதா? சுத்தம் பண்ணினாலே போதுங்க" என்றாள் மனைவி. மூடி சரியாகத் திருகவில்லை என்பதற்காகவே மிக்ஸியை மாற்றியவள்!

"அக்கா சொல்றதுதான் சார் சரி. ஒரிஜினல் ஒரிஜினல்தான்" என்று மெக்கானிக்கும் தலையாட்டினான்.

"உனக்கென்ன திடீர்னு என் கார் மேல பாசம்?" என்று மனைவியை முறைத்தார் ஆடிட்டர்.

அவள் குரல் குழைந்தது. "நீங்க ரெண்டு தெரு தள்ளி வரும்போதே சத்தம் கேட்டுடும். உடனே எழுந்து காபி கலப்பேன். நீங்க உள்ளே நுழையறப்ப சுடச்சுடக் கையில இருக்கும். அந்தச் சத்தம் இல்லேன்னா நீங்க வர்றது எனக்கு எப்படிங்க தெரியும்?"

ஆடிட்டர் உருகிப்போனார். அடுத்தவர் கணக்கில் ஒற்றைக் காசு ஒளிந்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுகிறவர் அவர். சொந்த வீட்டில் இவ்வளவு பிரியம் ஒளிந்திருந்தது தெரியாமல் போயிற்றே!

"சரி சரி, சுத்தமே பண்ணட்டும்" என்றவர், அவள் தோளில் ஒட்டியிருந்த முடியை எடுத்தார். "பாரு, எப்படிக் கொட்டுது! சோபா முழுக்க இதுதான். செம்பட்டையா வேற போச்சு. அந்த டையை நிறுத்துன்னா கேக்கறியா?"

அவள் சட்டென்று தோளைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

அன்று மாலையே சுத்தம் செய்து கொடுத்துவிட்டான் மெக்கானிக். மறுநாள் காலை கிளம்பும்போது கார் வழக்கம்போல் படபடத்தது.

ஆடிட்டருக்குப் பொறுமை போயிற்று. காபி ஒரு பக்கம் இருக்கட்டும், பல் டாக்டர் முன்னால் மானம் போகக் கூடாது! ஆபீஸ் போகிற வழியில் வேறொரு ஒர்க்‌ஷாப்புக்குள் காரைத் திருப்பினார். அங்கே மெக்கானிக் ஒரு பெண். நாலு இன்ஜெக்டர்களையும் கழற்றித் துணி மேல் வரிசையாக வைத்தாள்.

"மூணு பளபளன்னு இருக்கு சார். இந்த ஒண்ணை மட்டும் யாரும் தொட்டதாவே தெரியலை. அழுக்கு அடையா அப்பியிருக்கு. மறந்துட்டாங்களா?"

"மறக்கலைம்மா, ஏமாத்திட்டான்!" பல்லைக் கடித்தார் ஆடிட்டர். "நாலையும் மாத்து. அவனை ரேலி முடிஞ்சதும் கவனிச்சுக்கறேன்."

சாயங்காலம் கார் வெண்ணெயில் வழுக்குவதுபோல் வீடு திரும்பியது. படபடப்பு இல்லை, டமார் இல்லை. பல் டாக்டரின் முகம் போகப்போகிற போக்கை நினைத்து ஆடிட்டர் வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே வந்தார்.

வாசலில் நிறுத்தியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பரவாயில்லை. இன்றைக்கு நாமே காபி கலந்து அவளை அசத்திவிடலாம். தன்னிடம் இருந்த சாவியால் பூனைபோலக் கதவைத் திறந்தார்.

அவருடைய சாய்வு நாற்காலியில், அவருடைய தலையணையில் தலைவைத்து, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது ஒரு தவிட்டு நிற நாய். அந்த ஒர்க்‌ஷாப் நாயை அப்படியே அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. கல்லூரிக்குப் போகும் மகள் அதன் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தாள். மனைவி சீப்பும் கையுமாக அதற்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

ஒரே தாவு. ஆடிட்டர் சாப்பாட்டு மேஜை மேல் நின்றார்.

"எ... எப்போலேர்ந்து?"

"மெக்கானிக் அண்ணன் குட்டியாக் கொடுத்தப்பலேர்ந்துப்பா" என்றாள் மகள்.

மனைவி இடுப்பில் கைவைத்தாள். "சொல்லாம கொள்ளாம புதுசு மாத்திட்டீங்களா? உங்க கார் சத்தம் கேட்டதுமே அதுவா பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிடணும்னு பழக்கறதுக்கு நாங்க என்ன பாடு பட்டிருப்போம்! சத்தமே வரலேன்னா, பாவம், அது என்னங்க பண்ணும்?"