பச்சை மைச் சீட்டு

"படிச்சவங்க, பெரிய உத்தியோகம் பாத்தவங்க... இவங்களை நம்பி நம்பித்தான் நாம இப்படிக் கிடக்கிறோம்."

வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று டிரைவர் பேசினார். அந்த அடுக்குமாடியின் இருபத்தைந்து வீட்டுக்காரர்களும் செயலாளர் தேர்தலுக்காகக் கூடியிருந்தார்கள். கை தட்டாதவர்கள் குறைவு. பஸ் ஓட்டுகிறவர், குரலும் அதற்கேற்ற குரல். அவருக்கு அங்கே ஹாரன் என்றே பெயர்.

கீழ் மாடிகளில் தண்ணீர் மெதுவாக வருவதற்கு அவர் சொன்ன கணக்கு சுலபமானது. தண்ணீர்த் தொட்டி இருப்பது மொட்டைமாடியில். அதற்கு நேர் கீழே, ஐந்தாவது மாடியில் இருப்பவர் ஒன்பது வருஷமாகச் செயலாளராக உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர். தொட்டிக்குப் பக்கத்தில் மாடிக்கு ஒன்றாக ஐந்து வால்வு. ஐந்தாவது மாடியுடையது முழுசாகத் திறந்திருக்கிறது, கீழ் மாடிகளுடையது பாதிக்கு மேல் மூடியிருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்ஜினியர் நோட்டீஸ் போர்டைக் கையால் காட்டினார். அதில் படம் போட்டு, டைப் அடித்த இரண்டு பக்கம் ஒட்டியிருந்தது. ஒன்பது வருஷத்தில் அதை ஒரு ஆள்கூட நின்று படித்ததில்லை.

சீட்டு எழுதி பிளாஸ்டிக் வாளியில் போட்டார்கள். டிரைவருக்குப் பதிமூன்று, இன்ஜினியருக்குப் பன்னிரண்டு.

எண்ணும்போது ஒரு சீட்டைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்கள் டிரைவர் என்றும் ஹாரன் என்றும் கிறுக்கியிருக்க, இதில் மட்டும் பச்சை மையில், குண்டு குண்டான எழுத்தில் 'மூன்றாம் மாடி ஓட்டுநர் அவர்கள்' என்று இருந்தது.

"யாருய்யா இந்த மரியாதைக்காரரு?" என்று டிரைவரும் சேர்ந்து சிரித்தார்.

அன்று சாயங்காலமே மாடியேறி, வால்வு அத்தனையையும் கடைசிச் சுற்று வரை திறந்துவிட்டார்.

மறுநாள் காலை கீழ் வீடுகளில் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. முதல் மாடித் தையல்கார அக்கா அவரை வழிமறித்து, நீங்க நல்லா இருக்கணும்ண்ணே என்று வாழ்த்தினார். ஏழு மணிக்குத் தொட்டி காலி. முகத்தில் சோப்பு நுரையோடு ஐந்து மாடியிலும் ஆட்கள் வெளியே வந்தார்கள். ஆறு மணிக்கு வாழ்த்திய அக்கா ஏழரைக்கு வேறு பாட்டுப் பாடினார்.

இரண்டாம் நாளும் அதே கதை.

"பஸ்ஸுல பிரேக் எங்க இருக்குன்னு தெரியும். இதுல தெரியுமா உங்களுக்கு?" என்றாள் மனைவி, காலிக் குடத்தை அவர் முன்னால் வைத்து.

டிரைவருக்கு இரண்டு பக்கமும் இடி. வால்வைப் பழையபடி மூடினால், தொண்டை கிழியப் பேசினதெல்லாம் பொய் என்றாகிவிடும். மூடாவிட்டால் வாரக் கடைசிக்குள் இதே ஜனம் அவரை நாற்காலியோடு தூக்கி எறிந்துவிடும்.

மூன்றாம் நாள் எல்லா வீட்டிலும் ஒரே சீராகத் தண்ணீர் வந்தது, ராத்திரி வரைக்கும் நின்றது. இத்தனைக்கும் டிரைவர் மாடிப் பக்கமே போகவில்லை.

உண்மையைச் சொன்னால் அது இன்ஜினியர் காலத்துத் தண்ணீர்தான், ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் இது நம்ம ஆள் விட்ட தண்ணீர் அல்லவா, எல்லோருக்கும் தாராளமாகவே தோன்றியது.

"எப்படிண்ணே சரி பண்ணீங்க? அவ்வளவு படிச்சவரால முடியலையே," என்றார் தையல்கார அக்கா.

"எல்லாம் அனுபவம்தான்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார் டிரைவர். அதற்கப்புறம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வாரம் பார்த்தார். பிறகு ஒருநாள் விடியற்காலை, டியூட்டிக்குக் கிளம்புமுன் சத்தம் போடாமல் மொட்டைமாடிக்கு ஏறினார்.

இன்ஜினியர் தரையில் மண்டி போட்டு, இரண்டாம் மாடி வால்வைக் கால் சுற்றுத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்களா?"

"கீழ போகப் போகத் தண்ணிக்கு வேகம் ஜாஸ்தி. அதைக் கொஞ்சம் அடக்கினாத்தான் எல்லாருக்கும் வரும். நோட்டீஸ்ல போட்டிருந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

டிரைவர் யோசித்துப் பார்த்தார். கேட்டிருக்க மாட்டார்.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அடுத்த கூட்டத்திலேயே உண்மையைப் போட்டு உடைத்துவிட்டுப் பதவியைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். இன்ஜினியர் பதறிப்போனார். என் காலத்தில் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தால் பெரிய விஷயம், உங்கள் குரலுக்கு இருபத்தைந்து வீடும் இறங்கி வந்தது, தொட்டி கழுவ ஆள் கேட்டால் இப்போது நான் நீ என்று வருகிறார்கள், அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார்.

"தண்ணியை நான் பாத்துக்கறேன். ஆளுங்களை நீங்க பாத்துக்கங்க."

"அத்தனை பேர் முன்னாடி உங்களை அவ்வளவு பேசினேன். எனக்காக எதுக்கு சார் இதெல்லாம்?"

இன்ஜினியர் எந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்று எழுதிய அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று.

டிரைவர் அதைச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். பச்சை மை. குண்டு குண்டான எழுத்து.

அவர் திகைத்துப்போய் நிமிர்ந்தார்.

"ஒரே ஒரு ஓட்டுலதானே ஜெயிச்சீங்க," என்றார் இன்ஜினியர், முழங்கால் தூசியைத் தட்டியபடி. "போட்டவன் ஏமாந்துடக் கூடாதுல்ல."